‘மகனே, நில்!’ என்ற குரல்

நாமக்கல் மாவட்டத்தில் காவிரிக் கரையில் அமைந்த திருத்தலம் மோகனூர். இங்கே மதுகரவேணி அம்பிகையுடன் எழுந்தருளியிருக்கும் இறைவனின் திருநாமம் அசலதீபேஸ்வரர். அசலம் என்றால் அசையாதது என்று பொருள். ஆற்றங்கரைக் காற்று ஊரெங்கும் வீசினும், கருவறைத் தீபம் ஆடாது நின்று ஒளிர்வதால் ஈசன் இத்திருநாமம் பெற்றார் என்பர்.

ஊரின் பெயருக்கும் ஒரு புராணம் உண்டு. கனி தமக்குக் கிட்டாத சினத்தில் கயிலையை விட்டுத் தென்திசை நோக்கி நடந்தார் முருகப்பெருமான். அவரைத் தொடர்ந்து வந்த அன்னை பார்வதி இத்தலத்தில், ‘மகனே, நில்!’ என்று அழைத்தாள். அக்குரலுக்குக் கட்டுப்பட்டுக் குமரன் நின்ற இடமே ‘மகனூர்’ என வழங்கப்பட்டு, நாளடைவில் மோகனூர் ஆயிற்று என்பது மரபு.

இப்புராணத்தில் சிந்திக்கத்தக்க செய்தி ஒன்று இருக்கிறது. அன்னை பிள்ளையைக் கடிந்துகொள்ளவில்லை. ‘இதற்கெல்லாமா கோபம்?’ என்று எள்ளவில்லை. வேறொரு கனியைக் காட்டி ஏமாற்றவும் இல்லை. உறவைச் சொல்லி அழைத்தாள், அவ்வளவே. பிள்ளையின் சினமும் அந்தக் கணமே தீர்ந்துவிடவில்லை. பின்னர் அவர் பழனிக்கே சென்றார். ஆயினும், அன்னையின் குரலுக்காகச் சற்று நேரம் நின்றார்.

மருத்துவப் பரிசோதனைக்கு அஞ்சி நடுங்கும் பிள்ளையிடமும் பெரியோர் எதிர்பார்க்க வேண்டியது இவ்வளவுதான். அச்சம் முழுவதும் அகல வேண்டும் என்பதில்லை. நம்பும் குரல் ஒன்றுக்காக அப்பிள்ளை சற்று நேரம் அசையாதிருந்தால் போதும்.

சமையலறையில் கேட்ட பேச்சு

மோகனூரில் ஒரு வீட்டை மனத்தில் கொண்டு பார்க்கலாம். அவ்வீட்டில் ஏழு வயதுப் பேரன் ஒருவன். பள்ளியில் இருமுறை நினைவிழந்து கைகால் இழுத்துக்கொண்டதால், மூளையை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் கூறிவிட்டார். அடுத்த வாரம் நாமக்கல்லுக்குச் செல்ல வேண்டும்.

பிள்ளை உறங்கிவிட்டான் என்று எண்ணி, பெரியவர்கள் சமையலறையில் தாழ்ந்த குரலில் பேசுகிறார்கள். ‘தலைக்குள்ளே என்ன இருக்கிறதோ!’ என்று ஒருவர் பெருமூச்சு விடுகிறார். பிள்ளை உறங்கவில்லை. மறுநாள் முதல் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. இரவில் அம்மாயியின் சேலைத் தலைப்பைப் பற்றிக்கொண்டே படுக்கிறான்.

“அம்மாயி, அந்த மிசினுக்குள்ள என்னை வெச்சுப் பூட்டிருவாங்களா?”

“ஒண்ணுமில்ல சாமி, போட்டோ எடுக்கிற மாதிரிதான். ஒரே நிமிஷம்.”

பாசத்தால் வந்த பொய் அது. இப்படிச் சொல்லாத பாட்டி எந்த ஊரிலும் இருக்க மாட்டாள். ஆனால் அன்றிரவு அம்மாயிக்கே உறக்கம் வரவில்லை. ஒரு நிமிடம் என்று நம்பிப் படுக்கும் பிள்ளை, பத்து நிமிடமாகியும் ஓசை நிற்காதபோது என்ன நினைப்பான்? அம்மாயியே பொய் சொன்னாள் என்றால், அடுத்த முறை எவர் சொல்லுக்காக அவன் நிற்பான்?

கேட்டறிந்த உண்மைகள்

மறுநாள் அம்மாயி மகளை அழைத்துக்கொண்டு ஸ்கேன் மையத்திற்கே சென்று விவரம் கேட்கிறாள். பெரியோர் பலர் ‘ஸ்கேன்’ என்று ஒரே சொல்லால் குறிப்பவை உண்மையில் வெவ்வேறு பரிசோதனைகள். அல்ட்ராசவுண்டில் தோலின்மேல் குளிர்ந்த பசையைத் தடவி ஒரு கருவியை நகர்த்துவார்கள், வலி இல்லை. சி.டி. ஸ்கேன் எக்ஸ் கதிரால் எடுப்பது. பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் எக்ஸ் கதிர் இல்லை. காந்த ஆற்றலும் வானொலி அலையும் கொண்டு, உடலில் உள்ள நீரின் அணுக்களிலிருந்து படம் பெறுகிறார்கள். ஆனால் அதற்கு அரைமணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம், ஓசையும் மிகுதி. பிள்ளைக்கு எந்தப் பரிசோதனை என்பதை அறிந்த பின்னரே அவனிடம் பேச வேண்டும்.

அன்று மாலை திண்ணையில் அமர்ந்து அம்மாயி பேரனிடம் பேசுகிறாள். “நேத்து நான் சொன்னது தப்பு, கண்ணு. ஒரு நிமிஷத்துல முடியாது. அரைமணி நேரம் ஆகும். கருப்பண்ணசாமி கோயில்ல பம்பை அடிக்கிற மாதிரி சத்தம் கேட்கும். காதுக்கு அடைப்பு வெச்சு விடுவாங்க. மிசினுக்கு ரெண்டு பக்கமும் திறப்பு இருக்குது. யாரும் பூட்ட மாட்டாங்க. கையில ஒரு ரப்பர் பந்து தருவாங்க. பயமாயிருந்தா அமுக்கு, வெளிய மணியடிக்கும், வந்துருவாங்க. அம்மா உள்ளயே உன் காலைத் தொட்டுக்கிட்டு உக்காந்திருப்பா.”

“வலிக்குமா?”

“மிசின் வலிக்காது. சில பேருக்கு மருந்து ஏத்தணும்னு கையில ஊசி போடுவாங்களாம். உனக்கு வேணுமா வேண்டாமான்னு டாக்டர்தான் சொல்லணும். போட்டா எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும். நானே முன்னாடி சொல்லிருவேன்.”

“அது எப்படி அம்மாயி படம் எடுக்குது?”

“பெரிய காந்தம்.”

“நம்ம காந்தமலை மாதிரியா?”

அம்மாயி சிரித்துவிடுகிறாள். சில நாட்களுக்குப் பின் அவ்வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. மோகனூரில் பாலசுப்பிரமணிய சுவாமி எழுந்தருளியிருக்கும் குன்றின் பெயர் காந்தமலை. முருகன் குன்றின் பெயரைத் தாங்கிய கருவி, அந்தக் கணம் முதல் பிள்ளைக்குப் பாதி பழக்கப்பட்டதாகிவிடுகிறது.

அசையாத தீபம் ஆகும் விளையாட்டு

எம்.ஆர்.ஐ. பரிசோதனையில் பிள்ளை செய்ய வேண்டிய வேலை ஒன்றே: அசையாமல் படுத்திருப்பது. அசைந்தால் படம் கலங்கிவிடும். மீண்டும் எடுக்க நேரும். 1977-ஆம் ஆண்டு ஜூலை 3 அன்று நியூயார்க்கில் ரேமண்ட் டமாடியன் என்ற மருத்துவர் இவ்வகையில் மனித உடலின் படத்தை முதன்முதலாக எடுத்தபோது, அவருடைய உதவியாளர் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் கருவிக்குள் இருக்க வேண்டியதாயிற்று. இன்று அது அரைமணி நேரமாகக் குறைந்திருக்கிறது. எனினும் துள்ளித் திரியும் ஏழு வயதுக்கு அரைமணியும் ஒரு யுகமே.

அம்மாயிக்குக் கைகொடுப்பவர் அசலதீபேஸ்வரர். கூடத்தில் பாய் விரித்து, மேலே கட்டில் ஒன்றைக் கூரைபோல் இட்டு, அதனடியில் பேரனைப் படுக்க வைக்கிறாள். “இப்போ நீதான் அந்தத் தீபம். காத்து எவ்வளவு அடிச்சாலும் ஆடக் கூடாது” என்கிறாள். தாத்தா தாம்பாளத்தைத் தட்டி ஓசை எழுப்புகிறார். முதல் நாள் இரண்டு நிமிடம், மறுநாள் ஐந்து, மூன்றாம் நாள் பத்து. மூச்சை மெல்ல இழுத்து மெல்ல விடவும், மனத்துக்குள் முருகன் நாமத்தைச் சொல்லவும் பழக்குகிறாள். வாய் அசையாமல் நாமம் சொல்லும் வித்தை பிள்ளைக்குப் பெரும் வேடிக்கையாகிவிடுகிறது.

வெறும் பாட்டி விளையாட்டு என்று இதை ஒதுக்கிவிட இயலாது. அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஸ்கேன் கருவிகளை வடிவமைத்த டக் டீட்ஸ் என்பவர், தாம் உருவாக்கிய கருவியைக் காண ஒரு மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே ஒரு சிறுமி பெற்றோரின் கைகளைப் பற்றிக்கொண்டு, அக்கருவியைக் கண்டு அழுதபடி வந்தாள். தம் பெருமைக்குரிய படைப்பு ஒரு குழந்தையின் கண்ணுக்கு எப்படித் தோன்றுகிறது என்பதை அவர் அன்றுதான் உணர்ந்தார். பின்னர் பிட்ஸ்பர்க் நகரின் குழந்தைகள் மருத்துவமனையில், ஸ்கேன் அறைகளைக் கப்பலாகவும் கானகமாகவும் வண்ணம் தீட்டி மாற்றினார். ‘படகு ஆடாமல் படுத்திருந்தால் மீன்கள் உன்மேல் துள்ளிப் போகும்’ என்பது போன்ற கதைகள் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டன. மயக்க மருந்து தர வேண்டிய பிள்ளைகளின் எண்ணிக்கை அங்கே பெரிதும் குறைந்தது. கருவி மாறவில்லை, அதைச் சூழ்ந்த கதை மாறிற்று. கதை சொல்வதில் நம் பாட்டிமாரை விஞ்சியவர் எவர்? காவிரிக் கரைப் பிள்ளைக்குப் பரிசல் போதும். திருக்கோயில் தீபமும் போதும்.

கழற்றிய தாயத்து

பரிசோதனை நாள் வருகிறது. அறை வாயிலில் பணியாளர், “உலோகம் எதுவும் உள்ளே வரக் கூடாது” என்கிறார். அரைஞாண், கைக்காப்பு எல்லாம் கழற்றியாயிற்று. கழுத்தில் மந்திரித்துக் கட்டிய தாயத்து மட்டும் எஞ்சியிருக்கிறது. அம்மாயியின் கை நடுங்குகிறது. பேரனைக் காக்கவென்று கட்டியதை, காப்பு மிகவும் வேண்டிய நேரத்தில் கழற்றுவதா?

காரணமின்றி விதித்த விதி அன்று அது. அந்தக் காந்தத்தின் வலிமை, பூமியின் காந்த ஆற்றலைப் போல் ஏறத்தாழ 30,000 மடங்கு. ஸ்கேன் எடுக்காத வேளையிலும் அது ஓய்வதில்லை. இரும்புப் பொருளை அது பாய்ந்து இழுக்கும். வேறு உலோகங்களும் சூடேறலாம், படத்தைக் கெடுக்கலாம்.

அம்மாயி தாயத்தைக் கழற்றித் தன் உள்ளங்கையில் வைத்து மூடிக்கொள்கிறாள். “இது என் கையில இருக்கட்டும், சாமி. நீ வர்ற வரைக்கும் நான் இதைப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன்.” பிள்ளை தலையசைக்கிறான்.

அவளும் உடன் செல்லவே விரும்பினாள். ஆனால் அவள் நெஞ்சில் பேஸ்மேக்கர் பொருத்தியிருக்கிறது. அவள் அந்த அறைக்குள் செல்லலாகாது. வாயில் கதவு மூடுகிறது. மூடுமுன் அவள் சொல்வது ஒரே வார்த்தை: “தீபம்!”

முப்பத்தைந்து நிமிடம் கழித்துக் கதவு திறக்கிறது. இடையில் ஒருமுறை அவன் பந்தை அமுக்கினான், பணியாளர் வந்து பேசினார், அம்மா காலை வருடினாள், மீண்டும் தொடர்ந்தான். படம் தெளிவாக வந்திருக்கிறது. அது என்ன சொல்கிறது என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்கான கவலை பெரியவர்களுடையது. பிள்ளை தன் பங்கை நிறைவேற்றிவிட்டான். “பயமா இருந்துச்சு அம்மாயி, ஆனா ஆடல” என்கிறான். அம்மாயி தாயத்தை மீண்டும் அவன் கழுத்தில் கட்டுகிறாள்.

பெரியோர் கடமை

இத்தகைய நாள் எந்த வீட்டுக்கும் வரலாம். அப்போது தாத்தா பாட்டியர் நினைவில் கொள்ள வேண்டியவை சில உண்டு.

‘சாப்பிடாவிட்டால் டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்’ என்று பிள்ளையை மிரட்டும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. உதவ வரும் கையைப் பகைவன் கையாகக் காட்டும் சொல் அது. அதை இன்றே விடுவது நலம். பிள்ளையின் காதில் விழும்படி நோயைப் பற்றிப் புலம்பலாகாது. மிகச் சிறு குழந்தைக்கு ஓரிரு நாள் முன்பும், விவரம் தெரிந்த பிள்ளைக்குச் சில நாட்கள் முன்பும், நடக்கப்போவதைச் சொல்லிவிட வேண்டும்.

எல்லாப் பிள்ளைகளாலும் அசையாதிருக்க இயலாது. சிலருக்கு மயக்க மருந்து தர வேண்டியிருக்கும். அதில் தோல்வி ஏதும் இல்லை. ஆனால் அதற்குமுன் வெறும் வயிற்றோடு இருக்கும்படி மருத்துவமனை நேரம் குறித்துத் தரும். அந்த நேரத்தில், ‘பசியில் வாடுகிறானே’ என்று பஞ்சாமிர்தத்தையோ பிரசாதத்தையோ மறைவாக ஊட்டிவிடலாகாது. மயக்கத்தில் வயிற்றில் உள்ளது மேலேறி மூச்சுக்குழலில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. பிரசாதம் காத்திருக்கும், நெற்றியில் திருநீறு இட்டு அனுப்பினால் போதும். கண்மை தவிர்ப்பது நல்லது. அதில் உலோகத் துகள் இருக்கக்கூடும். உடன் செல்லும் பெரியோரும் தம் நகை, கொண்டை ஊசி, காது கேட்கும் கருவி, உடலில் பொருத்திய உலோகம் அனைத்தையும் பணியாளரிடம் முன்னரே சொல்ல வேண்டும்.

கோயிலில் விளக்கேற்றி வேண்டிக்கொள்வது பெரியோரின் உள்ளத்துக்கு உறுதி தரும். அந்த உறுதியே குரலாகப் பிள்ளையின் காதில் விழ வேண்டும். மருத்துவர் கருவியை இயக்குவார், மருந்தைத் தருவார். ‘மகனே, நில்!’ என்று சொன்னால் நிற்கக்கூடிய நம்பிக்கையை அவர் தர இயலாது. அது உண்மை பேசிப் பழகிய வீட்டிலிருந்துதான் வர வேண்டும். அக்குரலைக் கேட்டுக் குமரன் நின்றார். அவ்விடம் ஓர் ஊராயிற்று.