ஆலை வேறு, அடுப்பு வேறு

கணிப்பொறிக் கல்வி நகரத்து மாணவர்க்கே உரியது என்ற நிலை மாறிவிட்டது. கல்வராயன் மலையடிவாரத்துக் கச்சிராயபாளையத்திலிருந்து பேருந்தேறி வரும் மாணவரும் இன்று ஜாவா மொழியில் நிரல் எழுதுகின்றனர். மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆயினும் அவர்களுள் ஒருவரை அழைத்து, "உன் கணிப்பொறியில் இருப்பது நிரலாக்கக் கருவித்தொகுதியா, இயங்குசூழலா?" என்று வினவினால், "ஜாவா இருக்கிறது, ஐயா" என்பதே விடையாக வருகிறது. இம்மயக்கத்தைக் களைவதில் தமிழ் கற்பிப்போர்க்கும் பங்கு உண்டு என்பது என் கருத்து.

கச்சிராயபாளையத்தார்க்கு இதனை விளக்க அவ்வூர்க் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையே போதும். கரும்பை அப்படியே பாயசத்தில் இட இயலாது. ஆலை அதனைப் பிழிந்து, காய்ச்சி, சர்க்கரையாக்கி, மூட்டையில் அனுப்புகிறது. மூட்டை சென்ற ஊரில் விறகடுப்பு இருப்பினும் எரிவாயு அடுப்பு இருப்பினும் பாயசம் ஆகிவிடும். மாணவர் எழுதும் மூலநிரல் கரும்பு. அதனை இடைநிலைக் குறியீடாக மாற்றும் நிரல்பெயர்ப்பி ஆலை. அக்குறியீட்டை ஏற்று இயக்கும் மெய்நிகர் பொறியும் அதற்குரிய நூலகங்களும் சேர்ந்த இயங்குசூழல் அடுப்பு. 1995இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் ஜாவாவை வெளியிட்டு, ஒருமுறை எழுதினால் எங்கும் இயங்கும் என்று பெருமை பேசியதன் உட்பொருள் இதுவே. உண்பவர் வீட்டில் அடுப்பு போதும். ஆலை நடத்துவோர்க்கோ சுவை பார்க்க அடுப்பும் வேண்டும். ஆதலின் கருவித்தொகுதியினுள் இயங்குசூழலும் அடங்கும்; பிழை தேடும் கருவி முதலியனவும் அதில் உள.

முன்னர் இரண்டும் தனித்தனியே கிடைத்தன. 2018இல் வந்த ஜாவா 11 முதல் ஆரக்கிள் நிறுவனம் இயங்குசூழலைத் தனியே வழங்குவதை நிறுத்திவிட்டது. வேறு சிலர் இன்றும் தருகின்றனர். இயங்குசூழல் மட்டுமே உள்ள பழைய கணிப்பொறியில், நண்பர் பெயர்த்துத் தந்த நிரல் ஓடும். தாம் புதிதாய் எழுதியதைப் பெயர்க்க வழியிராது. பாவம், மாணவர் தம் அறிவையே ஐயுறுகின்றனர்! ஜேடிகே, ஜேஆர்இ என்னும் சுருக்கப் பெயர்கள் அவர்க்கு எதையும் உணர்த்துவதில்லை. கருவி, சூழல் என்னும்போதோ பொருள் வெளிப்படையாக நிற்கிறது.

தமிழ்த்துறையினர் இதில் தலையிட வேறொரு காரணமும் உண்டு. ஜாவா தொடக்கம் முதலே யூனிகோடு எழுத்துமுறையை ஏற்ற மொழி. மாறிகளுக்குக் 'கூலி', 'பரப்பு' எனத் தமிழிலேயே பெயரிடலாம் என்பது நம்முள் பலரும் அறியாதது. ஆனால் அவ்வாறு எழுதிய நிரலில் எழுத்துகள் சிதைந்து வந்தால், தமிழ் கணிப்பொறிக்கு ஒவ்வாது என்று உடனே முடிவுகட்டிவிடுகின்றனர். குற்றம் தமிழினுடையது அன்று. நிரல்பெயர்ப்பி கோப்பை வேறொரு குறியாக்கத்தில் படித்தால் எழுத்துகள் புரியாத குறிகளாகச் சிதையும். கோப்பைச் சரியாகப் படித்தும், இயங்கும்போது திரைக்கு அனுப்பும் குறியாக்கத்தில் தமிழுக்கு இடமில்லையெனில் வினாக்குறிகளே வரிசையாய் நிற்கும். முன்னது கருவியிடத்து நேர்ந்த பிழை. பின்னது சூழலிடத்து நேர்ந்தது. இரண்டிற்கும் மருந்து வெவ்வேறு. 2022இல் வந்த ஜாவா 18, யூடிஎஃப்-8 குறியாக்கத்தை இயல்பாகக் கொண்டமையால் முன்னது பெரிதும் தணிந்தது. திரைச் சிக்கல் சில கணிப்பொறிகளில் இன்றும் உண்டு.

கணிப்பொறித் துறையினர் செய்முறை வகுப்பின் முதல்நாளில் ஒருமணி நேரத்தை நமக்கு ஈந்தால், 'கூலி' என்னும் மாறி கொண்ட ஐந்துவரி நிரல் ஒன்றை வைத்தே இவ்விரு பிழைகளையும் மாணவர்க்குக் கண்ணெதிரே காட்டிவிடலாம்.