சிப்பாயின் வீட்டைத் தெரிவு செய்வது யார்?

இலங்கையில் இராணுவத்தில் சேரும் இளைஞன் பெரும்பாலும் முகாமிலேயே தங்குகிறான். மனைவியும் பிள்ளைகளும் சொந்த ஊரில் இருப்பர். விடுமுறை கிடைக்கும்போது அவன் வந்து போவான். அமெரிக்காவில் நிலைமை வேறு. குடும்பஸ்தனான சிப்பாய் தன் குடும்பத்தையும் உடன் அழைத்துச் சென்று, படைத்தளத்தின் உள்ளேயோ அயலிலேயோ குடியிருப்பதே அங்கு வழமை. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு தடவை இடமாற்றக் கட்டளை வரும். முன்பின் அறியாத ஓர் ஊரில், கைக்கு எட்டும் வாடகையில், பிள்ளையை அச்சமின்றி வெளியே விளையாட விடக்கூடிய ஒரு தெருவை, குறுகிய காலத்தினுள் தேடிப் பிடிக்க வேண்டிய பொறுப்பு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுத் தம்பதியர் மீது விழுகிறது. உலகின் மிகப் பெரிய பாதுகாப்புச் செலவினத்தைக் கொண்ட நாடு இவ்விடயத்தில் அவர்களுக்கு எவ்வளவு தூரம் துணை நிற்கிறது என்பது ஆராயத்தக்கது.

வீட்டுக்கென மாதாந்தக் கொடுப்பனவு வழங்கப்படுகிறது என்பது உண்மையே. பதவித் தரம், பணியாற்றும் இடம், தங்கி வாழ்வோர் உண்டா இல்லையா ஆகிய மூன்றையும் கொண்டு அது கணிக்கப்படுகிறது. குடும்பமுள்ளவர்களில் ஆகக் கீழ்நிலையிலுள்ள நான்கு தரத்தினருக்கும் அளவுகோல் ஒன்றே: இரண்டு படுக்கையறைத் தொடர்மாடி வீட்டுக்கும், அதே அளவான, வரிசையாக ஒட்டிக் கட்டப்பட்ட மாடி வீட்டுக்கும் இடைப்பட்ட வாடகை. பிள்ளை ஒன்றாயினும் நான்காயினும் தொகை மாறாது. 2015 முதல் இக்கொடுப்பனவு படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 2019 இலிருந்து சராசரி வீட்டுச் செலவில் 5 வீதத்தைச் சிப்பாயே ஏற்க வேண்டும் என்றாயிற்று. பெருந்தொற்றுக்குப் பின்னர் வாடகைகள் தாவி ஏறியபோது, 2021 இலும் 2022 இலும் பல இடங்களுக்கு ஆண்டு நடுவிலேயே தற்காலிக உயர்வு வழங்க வேண்டியதாயிற்று. 2023 இல் சராசரியாக 12.1 வீதம் கூட்டப்பட்டது. ஆண்டுக்கு ஒரு முறை திருத்தப்படும் அட்டவணை, மாதத்துக்கு மாதம் ஏறும் வாடகையைத் துரத்திப் பிடிக்க இயலாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இதன் விளைவு வரைபடத்திலேயே தெரிகிறது. கலிபோர்னியாவின் கரையோரத்தில் உள்ள கேம்ப் பென்டில்டன் மரைன் படைத்தளத்தில் பணியாற்றும் பலர், கடற்கரை ஊர்களின் வாடகைக்கு அஞ்சி, உள்நாட்டிலுள்ள டெமெக்குலா, முரியேட்டா போன்ற ஊர்களில் குடியேறுகின்றனர். வாடகையில் மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதி பெற்றோலில் போகிறது. மீதி, நெடுஞ்சாலையில் கழியும் மணித்தியாலங்களாகப் போகிறது. ஒரே ஒரு கார் உள்ள வீட்டில் மனைவி வேலைக்குப் போவது எங்ஙனம்? வேலை தேடும் படையினரின் வாழ்க்கைத்துணைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் வேலையின்றி இருப்பதாகப் பென்டகனின் கருத்தாய்வுகளே கூறியுள்ளன.

வேர்ஜீனியாவில் சிக்கல் வேறு விதமானது. நோர்போக் நகரின் தாழ்ந்த தெருக்களில் மழையில்லாத நாளிலும் கடற்பெருக்கினால் நீர் ஏறும். அயலிலுள்ள வேர்ஜீனியா பீச்சில் ஓசியானா கடற்படை விமானத்தளம் இருக்கிறது. 2012 ஏப்ரலில் அங்கிருந்து புறப்பட்ட போர்விமானம் ஒன்று தொடர்மாடிக் குடியிருப்பின் மீது வீழ்ந்தது. எவரும் உயிரிழக்காதது அதிசயமே. தளத்தைச் சூழ்ந்த இரைச்சல் வலயத்திலோ விபத்து அபாய வலயத்திலோ வீடு அமைந்திருந்தால் வாடகைக்கு விடுபவர் அதனை எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்பது அம்மாநிலச் சட்டம். மலிவான வீடு ஏன் மலிவானது என்பதற்கான விடை சில வேளை அந்த ஒரு தாளில்தான் இருக்கும்.

இவ்வளவும் எதற்கு, தளத்தின் உள்ளேயே குடியிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். வாயிலில் காவல் உண்டு. திருடர் பயம் குறைவு. ஆனால், ஆபத்து வாயில் வழியாக மட்டுமே வருமா? 1953 முதல் 1987 வரை, வட கரோலினாவின் கேம்ப் லெஜூன் தளத்தில் வாழ்ந்த குடும்பங்கள் நச்சு இரசாயனம் கலந்த குழாய்நீரையே குடித்து வந்தன. பாதிக்கப்பட்டோர் நட்டஈடு கோரி வழக்குத் தொடரச் சட்டம் வழி திறந்தது 2022 இல்தான். 2021 நவம்பரில் ஹவாயில் ரெட் ஹில் எரிபொருள் சேமிப்பகத்திலிருந்து கசிந்த எரிபொருள், பேர்ள் ஹார்பர் பகுதிப் படைக்குடும்பங்களின் குடிநீரில் கலந்தது.

அரசாங்கம் நடத்திய வீடுகள் பழுதடைந்து கிடந்தமையாலேயே, 1996 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அவை தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. இன்று அமெரிக்க மண்ணிலுள்ள படைக்குடும்ப வீடுகளில் ஏறத்தாழ 99 வீதம் அவற்றின் கையில் உள்ளன. ஒப்பந்தங்கள் பெரும்பாலும் 50 ஆண்டுகளுக்கானவை. பல இடங்களில் புதிய வீடுகள் எழுந்தன என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும் 2018 இல் ரொய்ட்டர் செய்திச் சேவை வெளிக்கொணர்ந்தவை அதிர்ச்சியூட்டின. ஜோர்ஜியாவின் போர்ட் பென்னிங் தளத்தில், பழைய வர்ணப்பூச்சிலிருந்த ஈயம் குழந்தைகளின் இரத்தத்தில் ஏறியிருந்தது. வேறு தளங்களில் சுவரெல்லாம் பூஞ்சணம். 2019 பெப்ரவரியில் படையினரின் மனைவியர் செனட் உபகுழு முன் தோன்றிச் சாட்சியமளித்தனர்.

சாதாரண வாடகைக்காரருக்கு உள்ள ஒரே பலம், திருத்தம் செய்யாவிடின் வாடகையை நிறுத்துவது. தள வீட்டில் அந்தப் பலமும் இல்லாதிருந்தது. வீட்டுக் கொடுப்பனவு வழமையாகச் சிப்பாயின் கையைத் தொடாமலே கம்பனிக்குப் போய்விடும். 2020 நிதியாண்டுக்கான பாதுகாப்புச் சட்டத்தில் வாடகையாளர் உரிமைப் பட்டயம் சேர்க்கப்பட்ட பின்னரே, பிணக்கு விசாரிக்கப்படும் வேளையில் பணத்தைத் தடுத்து வைக்கக் கோரும் உரிமை கிடைத்தது. குடிபுகுமுன் வீட்டின் கடந்த ஏழு ஆண்டுப் பராமரிப்புப் பதிவுகளைக் கேட்டுப் பெறவும் முடியும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால், அப்பதிவுகளை எழுதி வைப்பதும் வீட்டை நடத்தும் கம்பனியே. 2021 டிசம்பரில் பல்ஃபர் பீட்டி கொம்யூனிட்டீஸ் என்ற நிறுவனம் அமெரிக்க அரசாங்கத்துக்கு எதிரான மோசடிக் குற்றத்தை நீதிமன்றில் ஒப்புக்கொண்டது. குற்றப்பணமும் மீளளிப்புத் தொகையுமாக 65 மில்லியன் டொலருக்கும் மேல் செலுத்துமாறு பணிக்கப்பட்டது. ஊக்கத்தொகை பெறுவதற்காக, 2013 முதல் 2019 வரை அதன் ஊழியர்கள் திரித்தவை திருத்த வேலைகள் பற்றிய பதிவுகளையும் குடியிருப்பாளர் எழுதிக் கொடுத்த கருத்து அட்டைகளையுமே.