என்ன அடிக்கலாம்?

வாரத்துக்கு நாலைந்து போன் வந்துடுதுங்க. சென்னை, கோயம்புத்தூர், பெங்களூர்னு போய் குடியேறின சொந்தக்காரங்க, அவங்க மூலமா பழக்கமானவங்க. எல்லாரும் மொட்டைமாடியிலோ பால்கனியிலோ நாலு தொட்டி வெச்சிருக்கிறவங்க. ஒருத்தருக்கு மிளகாய் இலை சுருண்டுடுச்சு, இன்னொருத்தருக்குக் கறிவேப்பிலை மஞ்சளாப் போகுது, வேறொருத்தருக்குப் பீர்க்கை பூத்துப் பூத்துக் கொட்டுது. பிரச்சினை எதுவானாலும் கடைசியில் வந்து நிற்கிற கேள்வி ஒண்ணுதான்: "என்ன அடிக்கலாம்?"

எனக்கு இந்தக் கேள்வியே பிடிக்கலை. காரணம், இது எங்க ஊர்ல இருந்து உங்க ஊருக்கு வந்த கெட்ட பழக்கம். இங்கே பயிருக்கு ஏதாவது ஒண்ணுன்னா, ஒரு இலையைக் கிள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கிட்டு மருந்துக்கடைக்குப் போவாங்க. கடைக்காரர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி அந்த இலையைத் திருப்பிப் பார்ப்பார். வயலைப் பார்த்திருக்க மாட்டார். எத்தனை நாளைக்கு ஒருக்கா தண்ணி கட்டறே, போன தடவை என்ன போட்டேன்னு கேட்கவும் மாட்டார். ஆனா மருந்து மட்டும் எடுத்துக் குடுப்பார், அதுவும் ஒண்ணு இல்லை, மூணு. விற்கிறவனே வைத்தியனா இருந்தா நோய் எப்படிங்க குறையும்?

இப்ப அதே பழக்கம் மூணாவது மாடிக்கு ஏறிடுச்சு. பாட்டில்தான் வேற. வேப்பெண்ணெய், பஞ்சகவ்யா, மீன் அமிலம், இன்னும் பேர் தெரியாத கரைசல்கள். இதுக்கெல்லாம் நான் எதிரி இல்லை. பஞ்சகவ்யா நானும் மஞ்சளுக்குத் தெளிக்கிறவன்தான், லிட்டருக்கு 30 மில்லி. ஆனா தண்ணி தேங்கி வேர் அழுகிக் கிடக்கிற தக்காளிக்குப் பஞ்சகவ்யா அடிக்கிறது, வயித்துப்போக்குல படுத்திருக்கிறவனுக்கு நெய்ப் பொங்கல் ஊட்டற மாதிரி. இயற்கை மருந்துங்கிறதால அது சரியாயிடாது.

எனக்கு வர்ற போன்ல பாதிக்கு மேல பூச்சியே கிடையாதுங்க. தண்ணி, வெயில், பட்டம். இந்த மூணுல ஒண்ணுதான் தப்பியிருக்கும்.

முதல்ல தண்ணியைச் சொல்லிடறேன். எங்க அக்கா மக வேளச்சேரியில இருக்கா. போன மாசம் கூப்பிட்டா.

"மாமா, தக்காளிக்கு ரெண்டு வேளையும் தண்ணி ஊத்தறேனுங்க. ஆனாலும் வாடிக்கிட்டே வருது. என்ன அடிக்கலாம்?"

"விரலை மண்ணுக்குள்ள விட்டுப் பாரு கண்ணு."

"சேறா இருக்குதுங்க மாமா."

"அப்ப மூணு நாளைக்கு அந்தப் பக்கமே போகாத."

தண்ணி இல்லாம வாடற செடியும், தண்ணி அதிகமாகி வாடற செடியும் பார்வைக்கு ஒண்ணாத்தான் இருக்கும். வேருக்குக் காத்தும் வேணும். மண்ணுல இருக்கிற இடுக்கு முழுக்கத் தண்ணி நின்னா வேர் மூச்சு முட்டி அழுகும். அழுகின வேரால தண்ணியை இழுக்க முடியாது. இலை தொங்கும். நாம பதறிப்போய் இன்னொரு சொம்பு ஊத்துவோம். கதை முடிஞ்சுது.

நகரத்துல இது அதிகமா நடக்கிறதுக்குக் காரணம் தேங்காய் நார்க்கழிவு, நீங்க கோகோபீட்னு சொல்றது. கனம் இல்லை, மாடிக்கு நல்லதுன்னு சொல்லிக் கடையில தொட்டி முழுக்க அதையே ரொப்பிக் குடுத்துடறாங்க. அது பஞ்சு மாதிரி தண்ணியை இழுத்துப் பிடிச்சு வெச்சுக்கும். மேலாக்கக் காஞ்ச மாதிரி தெரியும், நாலு அங்குலம் கீழே சொதசொதன்னு இருக்கும். அதுல சத்துன்னு பெரிசா ஒண்ணும் கிடையாது. சரியாக் கழுவாத நார்க்கழிவுன்னா உப்பும் சேர்ந்து வரும். தொட்டியில மூணுல ஒரு பங்குக்கு மேல அது வேண்டாம்ங்கிறது என் கட்சி. மீதிக்குச் செம்மண்ணும் நல்லா மக்கின தொழுவுரமோ மண்புழு உரமோ போடுங்க. மாடி தாங்காதுன்னு பயமா இருந்தா தொட்டி எண்ணிக்கையைக் குறைங்க, மண்ணைக் குறைக்காதீங்க.

எப்பத் தண்ணி ஊத்தணும்னு எந்தக் கணக்கும் வேண்டாம். விரலை ரெண்டு கணு ஆழத்துக்கு விடுங்க. ஈரம் ஒட்டினா இன்னைக்கு வேண்டாம். இல்லைன்னா தொட்டியை ஒரு பக்கமா லேசாத் தூக்கிப் பாருங்க, பத்து நாள்ல கைக்கே கனம் பழகிடும். ஊத்தற அன்னைக்கு அடி ஓட்டையில வழியிற வரைக்கும் நிதானமா ஊத்துங்க. தினமும் ஒரு டம்ளர் தெளிக்கிறது வேருக்கும் போய்ச் சேராது, உப்பு மட்டும் மேல படியும்.

உப்புன்னதும் ஞாபகம் வருது. ஆர்.ஓ. மெஷின்ல இருந்து வெளியே போற தண்ணியை வீணாக்காம செடிக்கு விடறேன்னு பெருமையாச் சொல்றாங்க. அந்தத் தண்ணியில உங்க வீட்டு போர் தண்ணியில இருக்கிற உப்பெல்லாம் இன்னும் அடர்த்தியாச் சேர்ந்திருக்கும். தரையில இருக்கிற தென்னை ஒருவேளை தாங்கும், பத்து கிலோ மண்ணுல நிக்கிற செடி தாங்காது. இலை ஓரம் கருகும். குருத்து இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையா நிக்கும். அதை வெச்சு வீடு கழுவுங்க. ஏ.சி.யில சொட்டற தண்ணி அப்படியில்லை, அதை தாராளமா ஊத்தலாம்.

தக்காளிக் காயோட அடியில கறுப்பா அழுகுது, முட்டை ஓடு போட்டும் நிக்கலைன்னு கேட்கிறவங்களுக்கும் பதில் தண்ணிதான். சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராததால வர்ற கோளாறு அது. ஒரு நாள் வெள்ளம், மூணு நாள் வறட்சின்னு விட்டா மண்ணுல சத்து இருந்தும் காய்க்கு ஏறாது. முட்டை ஓடு மக்கி மண்ணோட சேர்றதுக்குள்ள அந்தச் செடியோட ஆயுசே முடிஞ்சிடும்.

வெயிலைப் பத்தி ரொம்பச் சொல்ல ஒண்ணும் இல்லை. காய்க்கிற செடிக்கு நாளைக்கு அஞ்சாறு மணி நேரம் நேர் வெயில் வேணும். அது விழாத பால்கனியில கத்தரி வெச்சு, காய்க்கலையேன்னு டானிக் தேடாதீங்க. புதினா, கற்பூரவல்லி, பசலைக்கீரை வையுங்க.

பட்டம் அப்படி லேசா விடற விஷயம் இல்லை. சித்திரை வெயில்ல தக்காளி நட்டுட்டு பூ உதிருதுன்னு புலம்பறாங்க. ராத்திரியும் சூடு தணியாத ஊர்ல தக்காளிப் பூ கொட்டத்தான் செய்யும், அதுக்கு உலகத்துல எந்த பாட்டில்லயும் மருந்து கிடையாது. ஆடியில விதைச்சு, மழைக்கு முன்னாடி செடியைத் தேத்தி, மார்கழி தையில காய் பறிக்கிற மாதிரி பாருங்க. சித்திரையில விதைக்கணும்னு கை அரிச்சா வெண்டையும் கொத்தவரையும் இருக்கு.

இந்தப் பீர்க்கை, சுரை விவகாரம் சுவாரசியமானது. பூவெல்லாம் கொட்டுது, ஒரு காய்கூட நிக்கலைன்னு கூப்பிடுவாங்க. கொடியில முதல்ல வர்றது ஆண் பூ. அது கொட்டத்தான் பிறந்தது. பெண் பூவுக்குப் பின்னாடி விரல் நுனி அளவுக்குக் குட்டிக் காய் ஒட்டியிருக்கும். அதுவும் மஞ்சளாகி விழுந்தாத்தான் கவலைப்படணும். நாலாவது மாடிக்குத் தேனீ வரலைன்னு அர்த்தம். ஆண் பூவைப் பறிச்சு, இதழை உரிச்சிட்டு, பெண் பூ நடுவுல ரெண்டு தடவை தடவி விட்டா போதும். ஆனா நேரம் முக்கியம். பூசணியும் பாகலும் காலையில மலரும். பீர்க்கையும் சுரையும் சாயங்காலம் மலரும். இது தெரியாம தினமும் காலை ஏழு மணிக்குப் பல் தேய்ச்சுக்கிட்டே மாடியில பீர்க்கம்பூவைத் தடவிக்கிட்டு இருந்தார் ஒருத்தர். வேலை முடிஞ்சு ஆறு மணிக்கு மேல போய்ப் பாருங்கன்னு சொன்னேன். பத்து நாள் கழிச்சுக் காய் படம் அனுப்பினார்.

சரி, நிஜமாவே பூச்சின்னா? அப்பவும் அடிக்கிறது கடைசி வேலைங்கிறதுதான் என் எண்ணம். இதை நான் புஸ்தகத்துல படிச்சுச் சொல்லலை. எங்க கொங்குப் பக்கத்துல ஒரு கூட்டமே அனுபவிச்சதுங்க.

2008-ல கோயம்புத்தூர்ப் பக்கம் புதுசா ஒரு மாவுப்பூச்சி வந்துது. பப்பாளி மாவுப்பூச்சின்னு பேர், வெளிநாட்டுச் சரக்கு. பப்பாளியோட நிக்கலை. மல்பெரி, குச்சிக்கிழங்கு (நீங்க மரவள்ளின்னு சொல்வீங்க), செம்பருத்தின்னு கண்டதுலயும் ஏறுச்சு. ஈரோடு, திருப்பூர், நாமக்கல், சேலம்னு பரவி, தோட்டமே வெள்ளையடிச்ச மாதிரி ஆச்சு. மல்பெரி போனதால பட்டுப்புழு வளர்த்தவங்க தட்டைக் கவுத்து வெச்சாங்க. அடிக்காத மருந்து கிடையாது. அந்தப் பூச்சிக்கு மேல மெழுகுப் போர்வை, மருந்து உள்ளே இறங்காது. மருந்துல செத்தது அதைத் தின்னுக்கிட்டிருந்த நல்ல பூச்சிகள்தான். அடிக்க அடிக்க மாவுப்பூச்சி பெருகுச்சு.

அதை அடக்கினது ஒரு குளவி. 2010-ல போர்ட்டோ ரிக்கோவில் இருந்து கொண்டுவந்து, பெங்களூருல இருக்கிற தேசிய ஆராய்ச்சி நிலையத்துல சோதிச்சு, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பெருக்கிக் கொடுத்தது. குளவின்னதும் கொட்டுமேன்னு நினைக்காதீங்க, ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. மாவுப்பூச்சியோட உடம்புக்குள்ளேயே முட்டை வைக்கும், குஞ்சு உள்ளேயிருந்தே தின்னுட்டு வெளியே வரும். விட்ட இடத்துல மருந்து அடிக்காதீங்கன்னு மட்டும் சொன்னாங்க. சில மாசத்துல பப்பாளி மறுபடியும் துளிர்த்துது. கோடிக்கணக்கில் மருந்து வித்தும் ஆகாத காரியம்.

அதனால செம்பருத்தியில பஞ்சு பார்த்த உடனே பாட்டிலை எடுக்காதீங்க. முதல்ல எறும்பு ஏறுதான்னு பாருங்க. மாவுப்பூச்சி கசியவிடற இனிப்புக்காக எறும்பு அதுக்குக் காவல் நிக்கும், இரை தேடி வர்ற பூச்சியை விரட்டும். தொட்டியைத் தண்ணி ஊத்தின தட்டு நடுவுல செங்கல் வெச்சு அது மேல ஏத்துங்க, தட்டுக்குள்ள தொட்டி முங்கி நிக்கக் கூடாது. எறும்பு நின்னாலே பாதி வேலை முடிஞ்சுது. ரொம்ப மொய்ச்ச கிளையை வெட்டிப் பையில கட்டிக் குப்பையில போடுங்க. மீதியைக் குழாய்த் தண்ணியைப் பீய்ச்சி அடிச்சுக் கழுவுங்க, பழைய பல் துலக்கும் பிரஷ் இருந்தா தேய்ச்சும் விடலாம். அதுக்கும் அடங்கலைன்னா லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புத் தண்ணியில கலக்கி, வெயில் இறங்கின பிறகு அடிங்க. உச்சி வெயில்ல அடிச்சா இலை பொசுங்கிடும்.

சிலதுக்கு அடிச்சும் பிரயோஜனம் இல்லை. வெண்டை இலையில நரம்பெல்லாம் மஞ்சள் வலை மாதிரி ஆனா அது வைரஸ், வெள்ளை ஈ பரப்பறது. அந்தச் செடியைப் பிடுங்கிடுங்க, பக்கத்துச் செடியாவது பிழைக்கும். மிளகாய் இலை மேல்பக்கமாச் சுருண்டா இலைப்பேன், கீழ்ப்பக்கமாக் கவிழ்ந்தா செம்பேன் சாதி. ரெண்டையும் ஒண்ணா நினைச்சு ஒரே மருந்தை வாங்கறதாலதான் காசு போகுது. கறிவேப்பிலையில பறவை எச்சம் மாதிரி ஒட்டிக்கிட்டிருக்கிற புழுவைக் கொல்லாதீங்க, பட்டாம்பூச்சிக் குஞ்சு அது. நாலு இலை தின்னுட்டுப் போகட்டும். மரம் பெரிசானா தாங்கும், சின்னக் கன்னுன்னா கையால எடுத்து வேற எங்கயாவது விடுங்க.

இவ்வளவு ஏன் சொல்றேன்னா, இதுல எங்க பிழைப்பும் இருக்கு. கத்தரியில குருத்து வாடித் தொங்கினா உள்ளே புழு இருக்குன்னு அர்த்தம். அந்தக் குருத்தை வாடின இடத்துக்குக் கீழே கிள்ளி நசுக்கிடணும். தொட்டியில அஞ்சு செடி வெச்சிருக்கிறவங்களுக்கு இது ரெண்டு நிமிஷ வேலை. நாள் தவறாம கிள்ளியும் நாலு காய் சொத்தையாத்தான் வரும். சொந்தமா ஒரு பருவம் கத்தரி வளர்த்தவங்களுக்கு இது புரியும். புரியாதவங்க சந்தையில என்ன பண்றாங்க? ஒரு ஓட்டை இருந்தாக் காயைத் திரும்பக் கூடைக்குள்ள போடறாங்க. கமிஷன் கடையில சொத்தை கலந்த மூட்டைக்கு விலை பாதியா இறங்குது. அதனால எங்க ஆளுங்க வாரம் ஒரு தடவை, சிலர் ரெண்டு தடவை அடிக்கிறாங்க. நேத்து அடிச்சதை இன்னைக்குப் பறிக்கிறதும் நடக்குது. விஷம் இல்லாத காய் வேணும்னு மாடியில தோட்டம் போடற அதே வீட்டுல, கடைக்குப் போனா பளபளன்னு ஓட்டையில்லாத கத்தரிதான் வேணும்ங்கிறாங்க. இது ரெண்டும் எப்படிங்க ஒண்ணா நடக்கும்?

எங்க தோட்டத்துல கத்தரி பறிக்கிற அன்னைக்கு சொத்தைக்காய் தனிக் கூடைக்குப் போயிடும். பாதி மாட்டுக்கு. மீதியில ஓட்டை விழுந்த பக்கத்தை மட்டும் அரிஞ்சு தள்ளிட்டு, எங்க வீட்டுல அன்னைக்குப் புளிக்குழம்பு.