பிசுபிசுக்கிற இலையும் மஞ்சள் முக்கோணமும்

போன மாசம் சென்னையில மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஆறாவது மாடி. பால்கனி ஓரமா ஒரு தொட்டியில பிகோனியா வச்சிருக்காள். அழகான செடிதான், ஆனா இலை மேல சர்க்கரைப் பாகு தெளிச்ச மாதிரி ஒரு மினுமினுப்பு.

"தொட்டா பிசுபிசுன்னு ஒட்டுதுங்கப்பா. துடைச்சா ரெண்டு நாள்ல மறுபடியும் வந்துடுது" என்றாள்.

நான் கண்ணாடியை எடுத்து மாட்டுறதுக்குள்ள மாப்பிள்ளை ஒரு பாட்டிலோட வந்துட்டார். ஆன்லைன்ல வாங்கினதாம். பார்த்தா பருத்திக்கு நாங்க அடிக்கிற மருந்து. லேபிள்ல மஞ்சள் முக்கோணம். சிவப்புக்கு அடுத்த கடுமையான விஷம் அது. வீட்டுல ஒன்றரை வயசுப் பேரன், கைக்குக் கிடைச்சது எல்லாம் வாய்க்குத்தான் போகுது. "அதைத் திறக்காதீங்க மாப்பிள்ளை"ன்னு கொஞ்சம் சத்தமாவே சொல்லிட்டேன்.

வீட்டுக்குள்ள இருக்கிற பூச்செடிக்கு வயல் மருந்து வேண்டவே வேண்டாம். இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கு.

2008ல கோயம்புத்தூர் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி முதல்ல தெரிஞ்சது. அடுத்த வருஷமே கோபிச்செட்டிபாளையம் பக்கம் இருக்கிற எங்க காட்டுக்கும் வந்துட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எதையும் விடல. இலையெல்லாம் பிசுபிசுப்பு, அது மேல கரிப்பொடி பூசின மாதிரி கரும்பூஞ்சணம். கடைக்காரர் சொன்ன மருந்தை நாலு தடவை அடிச்சேன். பூச்சி மேல மெழுகு மாதிரி மாவு இருக்கிறதால மருந்து வழிஞ்சு ஓடிப்போச்சு. ஆனா காத்துல பறந்த சாரல் பக்கத்துக் காட்டு மல்பெரியில படிஞ்சு, அவங்க பட்டுப்புழு தட்டுத் தட்டாச் செத்துப்போச்சு. அந்த அண்ணன் என்னை ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா தேவலை.

கடைசியில பூச்சியை அடக்கினது மருந்தில்ல. 2010ல போர்ட்டோ ரிக்கோவில இருந்து ஒரு குட்டிக் குளவியைக் கொண்டு வந்து விட்டாங்க. அசிரோபேகஸ் பப்பாயேன்னு பேரு, கொசுவை விடச் சின்னது. மாவுப்பூச்சி உடம்புக்குள்ள முட்டை வச்சு, அதை உள்ளேயிருந்தே தின்னுடும். நாங்க மருந்து அடிக்கிறதை நிறுத்தின பிறகுதான் அதால வேலை செய்ய முடிஞ்சது.

ஆறாவது மாடிக்குக் குளவி வராது. அங்க உங்க கைதான் குளவி.

பிசுபிசுப்பு நோய் இல்லை. இலைச் சாறை உறிஞ்சற பூச்சி வெளியே விடுற இனிப்புக் கழிவு அது. மேலிருந்து சொட்டுறதால, ஒட்டுற இலையை மட்டும் பார்த்தா ஒண்ணும் தெரியாது. அதுக்கு மேல இருக்கிற இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்க்கணும். பஞ்சு மாதிரி இருந்தா மாவுப்பூச்சி. தண்டுல பழுப்பு நிறத்துல ஒட்டிக்கிட்டு, நகத்தால சுரண்டினா பேர்ந்து வந்தா செதில் பூச்சி. தட்டினதும் வெள்ளையா பறந்தா வெள்ளை ஈ. கொழுந்துல பச்சையா மொய்ச்சா அசுவினி. எறும்பு வரிசை போச்சுன்னா அது பின்னாலயே போங்க, இடத்தைக் காட்டிக் கொடுத்துடும்.

மகள் செடியில இலைக்கணுவுக்குள்ள மாவுப்பூச்சி. முதல் வேலையா தொட்டியை மத்த செடிகள்கிட்ட இருந்து தள்ளி வச்சோம். ரொம்ப மோசமான ரெண்டு கிளையை வெட்டிப் பையில கட்டிக் குப்பையில போட்டோம். மீதியில, காது குடையற பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்ல நனைச்சு ஒவ்வொரு பூச்சி மேலயும் தொட்டு எடுத்தோம். பூச்சியை மட்டும்தான் தொடணும், இலை முழுக்கப் பூசினா கருகிடும். பிறகு அடியில உள்ளங்கையைக் கொடுத்து ஈரத்துணியால இலையைத் துடைச்சோம். பிகோனியாத் தண்டு வெள்ளரிப்பிஞ்சு மாதிரி, அழுத்தினா சட்டுன்னு ஒடிஞ்சிடும். இலையில முடி இருக்கிற ரகம்னா துடைக்க வேண்டாம், குச்சியோட நிறுத்திக்கோங்க.

வேப்பெண்ணெய் நல்லதுதான். ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி, கலக்கறதுக்குச் சில சொட்டு சோப்புக் கரைசல். ஆனா பிகோனியாவுக்கு எண்ணெய் சில சமயம் ஒத்துக்காது. ஒரு இலையில அடிச்சு ரெண்டு நாள் பாருங்க. வெயில்ல அடிக்காதீங்க. ராத்திரி முழுக்க இலை ஈரமா இருந்தா பூஞ்சணம் பிடிக்கும், அதனால மின்விசிறிக் காத்துல உலர விடுங்க.

ஒரே தடவையில முடியாது. முட்டை பொரிஞ்சு குஞ்சு வந்துக்கிட்டே இருக்கும். வாரம் ஒரு தடவை, நாலு வாரம் விடாம பாருங்க. சலிப்பான வேலைதான். மனுஷன் பாட்டிலைத் தேடுறதே இந்தச் சலிப்பாலதான்னு நினைக்கிறேன், நானும் அப்படித்தானே தேடினேன்.

இன்னொண்ணு. செடி செழிப்பா வரட்டும்னு மகள் வாரா வாரம் யூரியாக் கரைசல் ஊத்தியிருக்காள். தழைச்சத்து அதிகமானா இலை குழைஞ்சு வரும், பூச்சிக்கு விருந்து. "நிறுத்து கண்ணு"ன்னு சொன்னேன்.

வெட்டின கிளையோட நுனியில பூச்சி இல்லாத துண்டு ஒண்ணை எடுத்துக் கழுவி, டம்ளர் தண்ணியில வச்சிட்டு வந்தேன். நேத்து போட்டோ அனுப்பியிருந்தாள், வேர் விட்டிருக்கு. அந்த பாட்டில் இப்போ எங்க சாலையில, பூட்டின பெட்டிக்குள்ள இருக்கு. நான் எடுத்துட்டு வந்தது மாப்பிள்ளைக்கு இன்னும் தெரியாது.