விரிசல் விட்ட சுவரும் தவக்குலும்

2021 நவம்பர் 19, வெள்ளிக்கிழமை அதிகாலை. பேரணாம்பட்டில் கனமழைக்கிடையே வீடொன்றின் சுவர் இடிந்து, 4 குழந்தைகள் உட்பட 9 பேர் உயிரிழந்தனர். செய்தி கேட்டு நாம் 'இன்னா லில்லாஹி' கூறினோம். இறைவனின் விதி என்றோம். அது உண்மையே. ஆயினும், அன்று மாலை நம்மில் எத்தனை பேர் தம் வீட்டுச் சுவரின் ஈரத்தைத் தொட்டுப் பார்த்தோம்?

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின்னர் அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதாகத் திர்மிதீயில் ஒரு நபிமொழி உண்டு. இதைப் பயான்களில் கேட்டுக் கேட்டு நமக்குப் பழகிவிட்டது; கயிறுதான் இன்னும் கைக்கு வரவில்லை. கருமேகமும் கடுங்காற்றும் கண்டால் நபியவர்களின் முகம் மாறிவிடும் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்துள்ளார்கள். மழையும் குளிரும் மிகுந்த இரவுகளில், இருப்பிடங்களிலேயே தொழுதுகொள்ளுமாறு பாங்கோடு அறிவிக்கச் செய்தவர்களும் அவர்களே. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவது ஈமானின் குறைவன்று.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் காற்றும் மழையும் பெரும்பாலும் சுவராகவும் கூரைத் தகடாகவுமே நம் மீது விழுகின்றன. தோல் தொழிற்கூடங்களிலும் காலணித் தொழிற்சாலைகளிலும் உழைக்கும் குடும்பங்கள் பல, பழைய வாடகை வீடுகளில் வாழ்கின்றன. மாத வாடகையைத் தவறாது பெறும் நாம், விரிசலைக் காட்டினால் 'அடுத்த ரமளானுக்குப் பிறகு பார்க்கலாம்' என்கிறோம். அக்குடும்பத்தின் உயிர் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் அல்லவா? ஜகாத் கணக்கில் காட்டும் நுணுக்கத்தை இதிலும் காட்டலாம்.

வீட்டில் செய்ய வேண்டியவை சிலவே. ஈரம் ஊறிய சுவரின் ஓரம் குழந்தைகளைப் படுக்க வைக்கலாகாது. குடும்ப அட்டை, ஆதார், நிலப்பத்திரம், பெரியவர்களின் மருந்து ஆகியவை ஒரே பிளாஸ்டிக் பையில் இருக்கட்டும். மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077 என்பதைப் பிள்ளைகளும் அறியட்டும்.

இவற்றைவிடக் கடினமானது வீட்டை விட்டு வெளியேறுவது. அந்நியர் நிறைந்த முகாமில் எப்படித் தங்குவது என்ற தயக்கத்தாலேயே நம் பெண்கள் பலர் வெளியேற மறுக்கின்றனர். அவர்களைக் கடிந்து பயனில்லை. நம் ஊர்களில் ஷாதி மஹால்களும் மதரஸாக்களும் உள்ளன. பெண்களுக்குத் தனிப் பகுதியும் கழிப்பறையும் விளக்கும் அமைத்து, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன்பே, சாவி யாரிடம் உள்ளது என்பதை ஜும்ஆவில் ஜமாஅத்தினர் அறிவிக்கட்டும்.