சம்பளமில்லாத 800 மணி நேரம்

ஆஸ்திரேலியாவில் நர்ஸிங் பட்டம் வாங்க, குறைந்தது 800 மணி நேரம் மருத்துவமனையிலும் முதியோர் இல்லத்திலும் பயிற்சி எடுத்தாக வேண்டும். பிளேஸ்மென்ட் என்று பிள்ளைகள் சொல்வது இதைத்தான். இதற்குச் சம்பளம் கிடையாது.

அந்த வாரங்களில் மாணவர்கள் படும் பாட்டை அரசே உணர்ந்துதான், 2025 ஜூலை 1 முதல் நர்ஸிங், ஆசிரியப் பயிற்சி, சமூகப்பணி படிப்பவர்களுக்கு வாரம் 300 டாலருக்கு மேல் உதவித்தொகை தருகிறது. வருமானம் பார்த்துத் தருகிறார்கள், நல்ல திட்டம். ஆனால் மாணவர் விசாவில் வந்தவர்களுக்கு அதில் ஒரு காசும் இல்லை.

இத்தனைக்கும் அதிகக் கட்டணம் கட்டுபவர்கள் இவர்கள். விசாவுக்கே 29,710 டாலர் கையிருப்பு காட்ட வேண்டும். அதற்காக ஊரில் எத்தனை வீட்டு நகைகள் அடகுக்குப் போயிருக்கும்! வந்தபின், வகுப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். சிட்னியில் வென்ட்வொர்த்வில், டூங்காபி பக்கம் அறையைப் பகிர்ந்து தங்கும் நம் பிள்ளைகள் பலருக்கு முதியோர் இல்ல வேலைதான் சோறு போடுகிறது. பிளேஸ்மென்ட் தொடங்கினால் காலை ஏழு மணிக்கு வார்டு, மாலையில் முதியோர் இல்லம், மறுநாள் விடிந்ததும் மீண்டும் வார்டு. தடுப்பூசிச் சான்று, காசநோய்ப் பரிசோதனை, போலீஸ் சான்று என்று வார்டு வாசலை மிதிக்கும் முன்பே கைக்காசு கரைந்திருக்கும்.

வார்டுக்குள் நடப்பதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. ஷிஃப்ட் மாறும்போது பத்து நோயாளிகளின் நிலவரத்தைச் சுருக்கச் சொற்களில் மளமளவென்று ஒப்பிப்பார்கள். பழகாத காதுக்குப் பாதிதான் பிடிபடும். பெரியவர் முன் வாய் திறக்காமல் நிற்பதை மரியாதை என்று கற்று வளர்ந்த பெண், இங்கே நோயாளியின் ரத்த அழுத்தம் இறங்கினால் மேற்பார்வை நர்ஸிடம் உடனே, தயங்காமல் சொல்ல வேண்டும். கற்றுக்கொள்ளக் கூடியதுதான், ஆனால் அதற்குத் தெளிந்த தலையும் கேள்வி கேட்கும் துணிச்சலும் வேண்டும். இரவுத் தூக்கம் கெட்டவளுக்கு அவை எங்கிருந்து வரும்? அவள் மௌனமாக நின்றால் மதிப்பீட்டுத் தாளில் தன்னம்பிக்கை போதாது என்று எழுதிவிடுகிறார்கள். அந்தப் பாடத்தில் தோற்றால் மறுபடியும் முழுக் கட்டணம், நீளும் படிப்பு, விசாக் கவலை.

இந்த உதவித்தொகையை இவர்களுக்கும் கொடுங்கள் என்றால், உள்ளூர் மக்களின் வரிப்பணத்தை வெளிநாட்டவருக்குக் கொடுக்கலாமா என்பார்கள். 2035-இல் 70,000 நர்ஸ்களுக்கு மேல் பற்றாக்குறை வரும் என்று கணித்திருப்பது அதே அரசுதான். வரிப்பணம் வேண்டாமென்றால், ஆண்டுக்கு முப்பதாயிரம் டாலருக்கு மேல் வாங்கும் பல்கலைக்கழகங்கள் அந்தக் கட்டணத்திலிருந்தே பயிற்சிக்கால நிதி ஒன்றை ஒதுக்கட்டும். அதற்குச் சட்டம்கூடத் தேவையில்லை.

பணம் மட்டும் போதாது. பிளேஸ்மென்ட் ரோஸ்டரை ஆறு வாரம் முன்னதாகக் கொடுத்தால் முதியோர் இல்ல வேலையை மாற்றிக்கொள்ள வழி பிறக்கும். முதல் வாரத்தை மதிப்பெண் இல்லாமல், ஒரே நர்ஸுடன் பார்த்துப் பழகும் வாரமாக விட மருத்துவமனைகளால் முடியும். மேற்குச் சிட்னியில் வாக்குக் கேட்டு நம் கோயிலுக்கும் பொங்கல் விழாவுக்கும் வரும் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் தமிழ்ச் சங்கங்கள் இதை எழுத்தில் கொடுக்க வேண்டும். அடுத்த பட்ஜெட்டுக்கு முன்பே பதிலும் கேட்டு வாங்க வேண்டும்.