காத்திருக்கும் கணிப்பொறி



சென்ற திங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தம்பானூரில் குடியிருக்கும் நம் அன்பர் ஒருவருடைய வீட்டிற்குச் சென்றிருந்தேன். அவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இளமையிலேயே இங்கு வந்தவர். சாலைக் கடைத்தெருவில் மொத்த வியாபாரி ஒருவரிடம் கணக்கெழுதி, இரண்டு மக்களையும் படிக்க வைத்தவர். நாங்கள் அவரை அண்ணாச்சி என்றே அழைப்போம். அன்று அவர் முகத்தில் தெளிவில்லை. கையில் இரண்டு விலைச்சீட்டுகள் இருந்தன.

“தம்பி, பாப்பாவுக்குக் கணிப்பொறி வாங்க வேண்டும். சீட்டுப் பணம் கைக்கு வந்துவிட்டது. விலையைப் பற்றிக் கவலை இல்லை. இதில் 750 வாட் என்று போட்டிருக்கிறதே, இதைப் பார்த்துத்தான் அஞ்சுகிறேன். நம் இஸ்திரிப் பெட்டியே அவ்வளவுதானே! நாள் முழுவதும் ஓர் இஸ்திரிப் பெட்டி எரிந்தால் குடும்பம் என்ன ஆகும்?” என்றார்.

அவர் அஞ்சியதில் நியாயம் இருக்கிறது. கேரளத்தில் வீட்டு மின்கட்டணம் இரண்டு திங்களுக்கு ஒரு முறை வருகிறது என்பதும், திங்கள் ஒன்றுக்கு 250 யூனிட், அதாவது இரு திங்களில் 500 யூனிட், வரையில் படிப்படியாக உயரும் விகிதம் என்பதும் நம் வாசகர்கள் அறிந்தவையே. அந்த வரம்பைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டுமன்றி, முதல் யூனிட்டிலிருந்தே எல்லாவற்றுக்கும் ஒரே உயர்ந்த விகிதம். கீழ்ப்படிகளின் சலுகை முழுவதும் போய்விடும். ஊரிலிருந்து வரும் உறவினர், “எங்களுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம்” என்று சொல்லிக் காப்பி அருந்திவிட்டுப் போவார்கள். கேட்டுக்கொண்டிருப்பதைத் தவிர நாம் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. அண்ணாச்சி வீட்டில் இரு திங்களுக்கு 430 யூனிட் ஆகிறது. ஆகவே அவருக்கு மிஞ்சியிருப்பது 70 யூனிட். புதிதாக வரும் பொறி அந்த எழுபதுக்குள் அடங்குமா என்பதே வினா.

மகள் கணிப்பொறியில் உயிர்ப்படம் தீட்டும் கலை பயின்றவள். பிளெண்டர் என்னும் மென்பொருளில் உருவங்களை அமைத்து, ஒளியும் நிழலும் கூட்டிப் படமாக்குகிறாள். வீட்டிலிருந்தே செய்யத்தக்க வேலை அவளுக்குக் கிடைத்திருக்கிறது. சொந்தப் பொறி இருந்தால்தான் அது நிலைக்கும். ஒரு விலைச்சீட்டு, உள்ளங்கை அகலமுள்ள சிறு பெட்டிக்கு உரியது. மற்றது, தனியே படச்செயலி பொருத்திய பெரும் பெட்டிக்கு உரியது. தந்தை சிறியதை நாடினார். மகள் பெரியதை நாடினாள். அன்னையோ, இருவரும் உணவு ஆறுவதற்கு முன் பேசி முடித்தால் போதும் என்றார்.

முதலில் அந்த 750 வாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது பொறி உண்ணும் அளவு அன்று. உள்ளே இருக்கும் மின்வழங்கிப் பெட்டி, வேண்டுமானால் கொடுக்கவல்ல மிகுதியான அளவு. பத்துப் பேருக்குச் சமைக்கத்தக்க பானை வீட்டில் இருப்பதனால் நாள்தோறும் பத்துப் பேருக்குச் சோறு வடிப்பதில்லை அல்லவா? செயலியின் உறையில் அச்சிட்ட எண்ணையும் அப்படியே நம்பிவிடலாகாது. இன்டெல் நிறுவனத்தின் கோர் ஐ9 13900கே என்னும் செயலிக்கு அடிப்படை அளவு 125 வாட். முழு மூச்சில் ஓடும்பொழுது 253 வாட் வரை போகலாமென்று அந்நிறுவனமே குறித்திருக்கிறது. இரண்டும் மெய்தான். எந்த நேரத்தில் எது மெய் என்பதை உறை சொல்வதில்லை. அதனைச் சுவரிலுள்ள மின்செருகியில் அளவி வைத்துத்தான் அறிய வேண்டும். மின்வழங்கிப் பெட்டியே தன் பங்குக்குச் சிறிது விழுங்கும். நல்ல பெட்டியானால் சுவரிலிருந்து வாங்கும் 100 வாட்டில் ஏறத்தாழ 90 உள்ளே சேரும், மட்டமானதில் இன்னும் குறையும். கட்டணம் வருவது சுவரில் ஓடிய மின்சாரத்துக்கே.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சிறு மின்னளவி ஒன்று என்னிடம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு மூவருமாக ஓவர்பிரிட்ஜ் பக்கத்துக் கடை ஒன்றிற்குச் சென்றோம். கடைக்காரர் பொறுமைசாலி. இரண்டு பொறிகளையும் ஓட்டிப் பார்க்க இசைந்தார். அவள் தன் படம் ஒன்றையே இரண்டிலும் தீட்டச் செய்தாள்.

சிறு பெட்டி 45 வாட் வாங்கிக்கொண்டு, அந்தப் படத்தை 48 நிமிடத்தில் முடித்தது. பெரிய பெட்டி 320 வாட் வாங்கிற்று. அளவியில் அந்த எண்ணைக் கண்டவுடன் அண்ணாச்சி, “பார்த்தாயா, ஏழு மடங்கு!” என்று என் தோளைத் தட்டினார். ஆனால் அது 6 நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டது.

கணக்குப்பிள்ளைக்குக் கணக்கைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அவரே ஒரு காகிதத்தில் பெருக்கினார். 45 வாட், 48 நிமிடம்: 36 வாட்-மணி. 320 வாட், 6 நிமிடம்: 32 வாட்-மணி. மீண்டும் ஒரு முறை பெருக்கிப் பார்த்தார். எண் மாறவில்லை. வாட் என்பது உண்ணும் வேகம். யூனிட் என்பது உண்ட அளவு. வேகமாக உண்டு விரைவில் எழுந்துவிடுபவன், மெல்ல உண்டு நெடுநேரம் அமர்ந்திருப்பவனைவிடக் குறைவாகவும் உண்ணக்கூடும்.

இங்கே ஒரு சிறிய விலகல். நம் நகரத்துக்கே உரிய செய்தி ஆகையால் பொறுத்துக்கொள்க. தும்பாவிலுள்ள விக்கிரம் சாராபாய் விண்வெளி மையத்தில் 2011 மே 2ஆம் நாள் ஒரு மீக்கணிப்பொறி தொடங்கி வைக்கப்பெற்றது. பெயர் சாகா-220. ஆங்கில எழுத்துகளைக் கூட்டி வைத்த பெயர்தான். தமிழில் படிக்கும்போது அழியா வரம் பெற்றதுபோல் தோன்றுவது நமக்கு மட்டும் கிடைத்த இன்பம். சதீஷ் தவான் பெயரால் அமைந்த கூடத்தில், 400 இன்டெல் செயலிகளும் என்விடியா நிறுவனத்தின் 400 படச்செயலிகளும் சேர்ந்து இயங்கின. நொடிக்கு 220 டெராஃபிளாப்ஸ், அதாவது 220 இலட்சம் கோடி கணக்கீடுகள் செய்யவல்லது; அந்நாளில் இந்தியாவிலேயே விரைவானது என்று அறிவிக்கப்பட்டது. ஏவுகலங்களைச் சூழ்ந்தோடும் காற்றின் போக்கைக் கணிக்கவே அதை நிறுவினார்கள். அதற்குத் தேவைப்பட்ட மின்சாரம் ஏறத்தாழ 150 கிலோவாட்.

இந்த 150 என்னும் எண்ணைக் கண்டபோது எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. 1946இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் என்ற பெரும்பொறியும் ஏறத்தாழ 150 கிலோவாட்டே உண்டது. 18,000 வெற்றிடக் குழல்கள் எரிந்த அந்தப் பொறி நொடிக்கு 5,000 கூட்டல்கள் செய்தது. அதே அளவு தீனி. இங்கே ஐயாயிரம், அங்கே 220 இலட்சம் கோடி! இடையில் கழிந்தவை 65 ஆண்டுகள்.

அதன் பின்னும் உலகம் நிற்கவில்லை. விரைவை மட்டும் பாராமல், ஒரு வாட்டுக்கு எத்தனை கணக்கீடு என்று மீக்கணிப்பொறிகளை வரிசைப்படுத்தும் ‘கிரீன்500’ பட்டியல் 2007 முதல் வெளிவருகிறது. சாகாவைப் பிரித்துப் பார்த்தால் வாட்டுக்கு ஏறத்தாழ 1.5 கிகாஃபிளாப்ஸ். 2024 மே திங்களில் அப்பட்டியலில் முதலிடம் பெற்ற, ஜெர்மனியின் யூலிக் நகரத்து ஜெடி என்னும் பொறிக்கு 72.7. நடுநிலையோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். சாகாவின் எண் ஏட்டளவில் எட்டக்கூடிய உச்சம். ஜெடியின் எண் ஓட்டிப் பார்த்து அளந்தது. இரண்டையும் ஒரே தட்டில் நிறுத்தது ஜெடிக்கே அநீதி. உண்மையான இடைவெளி இன்னும் பெரிது.

இவ்வளவு சிக்கனம் எங்கிருந்து வந்தது? 1974இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் இராபர்ட் டென்னார்டும் அவருடைய துணைவர்களும் ஒரு வழியைக் காட்டினார்கள்: டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கினால் அதற்குரிய மின்னழுத்தத்தையும் குறைக்கலாம், அதே பரப்பில் மிகுதியான டிரான்சிஸ்டர்களை அடைத்தாலும் சூடு ஏறாது. அந்தப் பாதையில் முப்பது ஆண்டுகள் ஓடினார்கள். பிறகு மின்னழுத்தம் இறங்க மறுத்தது. சூடு மிஞ்சியது. இன்டெல் நிறுவனம் தேஜஸ் என்று பெயரிட்டு உருவாக்கி வந்த செயலியை 2004இல் கைவிட்டது. ஒரே மாட்டை இன்னும் விரட்டி அடிப்பதற்குப் பதிலாக, இரண்டு, நான்கு, எட்டு என மாடுகளைச் சேர்த்துப் பூட்டத் தொடங்கியது அதற்குப் பின்புதான். (அதே பெயரை நம் வெள்ளயம்பலத்து சி-டாக் நிலையத்தார் தாங்கள் வடிவமைத்த வேகா வரிசைச் சில்லு ஒன்றுக்கு வைத்திருக்கிறார்கள். தேஜஸ்32 என்னும் அது 100 மெகாஹெர்ட்ஸில் அமைதியாக ஓடும் சிறு செயலி. பெயர் ஒன்றாயினும் குணம் வேறு.)

செயலி உண்ணும் மின்சாரம், அதன் துடிப்பு வேகத்தைப் பொறுத்து நேராகவும், மின்னழுத்தத்தைப் பொறுத்து இருமடியாகவும் ஏறுகிறது. வேகத்தை 10 விழுக்காடு கூட்டுவதற்கு அழுத்தத்தையும் 10 விழுக்காடு கூட்ட நேர்ந்தால், செலவு 33 விழுக்காடு ஏறிவிடும். இதனைத் திருப்பிப் படித்தால் ஏழைக்கும் உதவும் செய்தி கிடைக்கிறது: உச்ச வேகத்தில் சிறிது விட்டுக் கொடுத்தால் செலவு பெரிதும் இறங்கும். கடையிலேயே அந்தப் பெண் இதைச் செய்து காட்டினாள். படச்செயலிக்கு ஒரு வரம்பு கட்டினாள். பொறி 320க்குப் பதிலாக 220 வாட் வாங்கியது. படம் ஏழரை நிமிடத்தில் முடிந்தது. ஒன்றரை நிமிடம் கூடிற்று. 32 வாட்-மணி 27.5 ஆகக் குறைந்தது.

அப்படியானால் பெரிய பெட்டியே என்று முடிவு செய்துவிடலாமா என்றால், அங்கேதான் அண்ணாச்சியின் அனுபவம் பேசிற்று. “வேலை செய்யும் கூலி இருக்கட்டும், சும்மா இருக்கும்போது இது எவ்வளவு தின்னும்?” என்றார். கடையில் யாரும் எண்ணிப் பாராத வினா! அளவியைப் பார்த்தோம். ஒரு வேலையும் இன்றித் திரையைக் காட்டிக்கொண்டு நின்றபோது, சிறு பெட்டி 9 வாட். பெரிய பெட்டி 75 வாட்.

நாளுக்கு 20 படங்கள் என்று வைத்துக்கொண்டு, கடைக்காரர் தந்த நாற்காலியில் அமர்ந்து அவர் கணக்கிட்டார். பெரிய பெட்டி வரம்பு கட்டாமல் ஓடினாலும் இரண்டு மணி நேரத்தில் 20 படங்களும் முடியும், செலவு 0.64 யூனிட். மேலும் பத்து மணி நேரம் அது சும்மா விழித்திருந்தால் 0.75 யூனிட். உழைப்பதைவிடக் காத்திருப்பதற்குக் கூலி மிகுதி! அறுபது நாளில் உழைப்புக்கு 38.4 யூனிட், வெற்று விழிப்புக்கு 45 யூனிட். வீட்டுச் செலவான 430உடன் முதலாவதைச் சேர்த்தால் 468, வரம்புக்குள் நிற்கும். இரண்டையும் சேர்த்தால் 513. எல்லாச் சலுகையும் போய்விடும்.

சிறு பெட்டியோ 20 படங்களைத் தீட்ட 16 மணி நேரம் எடுக்கும். அறுபது நாளுக்கு 43 யூனிட். சிக்கனம் என்று எண்ணியதில் சிக்கனம் இல்லை. அதோடு, ஒரு நிழல் தவறாக விழுந்திருப்பதை அறியவே அந்தப் பெண் ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். கடிதம் எழுதவும், பாடம் படிக்கவும், ஊரிலுள்ள பாட்டியின் முகத்தைத் திரையில் கண்டு பேசவும் மட்டும் பொறி தேடுகிறவர்களுக்கு நான் தயங்காமல் சிறு பெட்டியையே சொல்வேன். அவர்களுடைய பொறி பெரும்பொழுதும் காத்திருக்கும் பொறிதான். 9 வாட் எங்கே, 75 வாட் எங்கே! விளையாட்டுக்காகப் பெரும்பெட்டி கேட்கும் பிள்ளைகளின் பெற்றோர் கடையில் உச்ச வேகத்தை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பி வருவது எனக்கு எப்போதும் வியப்பாகவே இருக்கிறது.

அண்ணாச்சி பெரிய பெட்டியையே வாங்கினார். ஐந்து நிமிடம் வேலையில்லையேல் தானே உறங்கிவிடும்படி மகள் அதனை அமைத்தாள். உறக்கத்தில் அது 2 வாட்டே உண்கிறது.

மூன்றாம் நாளே ஓர் இடர். இரவில் படம் தீட்டும்படி ஏவிவிட்டு, திரையை மட்டும் அணைத்துவிட்டு அவள் உறங்கச் சென்றிருக்கிறாள். அன்னை எழுந்து வந்து, இருண்ட திரையையும் சுழலும் விசிறியையும் கண்டு, சும்மா எரிகிறதென்று எண்ணிச் சுவர்ப் பொத்தானை அணைத்துவிட்டார். பத்துப் படங்கள் போயின. காலையில் மகள் முகம் வாடி நிற்க, “காத்திருந்தால் அணைக்க வேண்டும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்!” என்று அந்த அம்மாள் என்னிடமே கேட்டார். மறுமொழி சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்பொழுது அந்தப் பெட்டியின் தலைமேல் தம்பியின் பழைய சிலேட்டு ஒன்று தொங்குகிறது. ஒரு பக்கத்தில் ‘வேலை நடக்கிறது’. மறு பக்கத்தில் ‘உறங்குகிறது’. அண்ணாச்சி நாள்தோறும் காலையில் மின்மானியைப் பார்த்துச் சீட்டுக் கணக்கெழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எண்ணைக் குறித்து வைக்கிறார். முதல் பதினைந்து நாளுக்கு 117 யூனிட் ஆகியிருக்கிறது. இதே நிலையில் போனால் இரு திங்களுக்கு 468 வரும் என்று, நான் கேட்கும் முன்பே சொன்னார்.